கிறிஸ்துமஸ் டெலஸ்கோப்பும் ஜனவரிக் கேள்விகளும்

டிசம்பர் 26 தொடங்கிப் பொங்கல் வரைக்கும், கிறிஸ்துமஸுக்குப் புது டெலஸ்கோப் கிடைத்தவர்களிடமிருந்து வானம் பார்க்கிற ஆட்களைத் தேடி வரும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதல் நாள்: "எல்லாம் மாட்டியாச்சு, ஒண்ணுமே தெரியல, இருட்டா இருக்கு." இரண்டாம் நாள்: "வட்டமா ஒண்ணு தெரியுது, நடுவுல கறுப்பா ஓட்டை, இதுதான் சனியா?" மூன்றாம் நாள்: "மேகம்." நான்காம் நாளும் மேகம். ஐந்தாம் நாள்: "இதைவிடப் பெருசா வாங்கியிருக்கலாமோ?" வருஷா வருஷம் இதே பாட்டுத்தான். பழைய ஆட்களும் சலிக்காமல் பதில் சொல்கிறார்கள். பண்டிகைப் பலகாரம் தீரும்வரை அவர்களுக்கும் வேறு வேலை இல்லை.

மேகத்தை முதலில் முடித்துவிடலாம். புது டெலஸ்கோப் வாங்கினால் மேகம் கவியும் என்பது உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்களின் மூடநம்பிக்கை. விட்டம் எத்தனை அங்குலமோ அத்தனை நாள் மேகம் என்று கணக்குகூடச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அதற்கு இவ்வளவு மாயம் தேவையில்லை, வடகிழக்குப் பருவமழையின் வால் டிசம்பர் கடைசிவரை இங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும். ஜனவரி நடுவில் வானம் தெளியும். அதுவரை பகலில் செய்ய வேண்டிய வேலையே நிறைய இருக்கிறது.

முதல் இரவிலேயே எல்லாம் தெரிந்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் உண்டு. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியும் கிறிஸ்துமஸ் டெலஸ்கோப்தான். 2021 டிசம்பர் 25 அன்று கிளம்பியது, போய்ச் சேரவே ஒரு மாதம் ஆனது. 18 கண்ணாடித் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி ஒழுங்குபடுத்த மேலும் சில மாதங்கள். முதல் முழுவண்ணப் படங்கள் 2022 ஜூலை 12-இல்தான் வெளிவந்தன. உங்கள் ஃபைண்டரை (டெலஸ்கோப்பின்மேல் மாட்டிக் குறிபார்க்கிற சின்னக் கருவி) சரிசெய்ய இரண்டு சாயங்காலம் ஆனால் ஒன்றும் குறைந்துவிடாது.

பெட்டியில் எழுதியிருக்கும் 525

பரிசாக வருகிற டெலஸ்கோப்புகளில் பெரும்பாலானவை 60 அல்லது 70 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியதூரம் (ஒளி ஒரு புள்ளியில் குவியும் தூரம்). அதற்கு அடுத்தபடி 76/700 அல்லது 114/900 (விட்டம்/குவியதூரம்) கண்ணாடி வகை, லென்ஸுக்குப் பதில் குழிக்கண்ணாடி ஒளியைக் குவிப்பது. பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் "525 மடங்கு" என்று இருக்கும். அந்தக் கணக்கு எளிது. டெலஸ்கோப்பின் குவியதூரத்தை ஐபீஸின் (கண்ணை வைத்துப் பார்க்கிற சின்ன லென்ஸ்) குவியதூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். 700-ஐ 4 மி.மீ. ஐபீஸால் வகுத்தால் 175. அதில் 3 மடங்கு பார்லோவை (உருப்பெருக்கத்தைக் கூட்டுகிற துணை லென்ஸ்) செருகினால் 525. கணக்கில் பொய் இல்லை, பயனும் இல்லை.

விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2 மடங்கு என்பதுதான் நடைமுறை உச்சம். 60 மி.மீ. லென்ஸுக்கு 120. அதற்குமேல் போனால் படம் பெரிதாகும், ஆனால் புதிதாக எதுவும் தெரியாது. வெளிச்சமோ உருப்பெருக்கத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. 35 மடங்கில் தெரியும் வியாழனின் முகம் 525 மடங்கில் 225-இல் ஒரு பங்கு வெளிச்சத்தோடுதான் தெரியும். போதாக்குறைக்கு, பூமி சுழல்வதால் வானம் நிமிஷத்துக்கு கால் டிகிரி நகர்கிறது. 525 மடங்கில் கோள் ஒன்று ஐபீஸின் ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற 20 நொடிகூட ஆகாது. அதற்குள் ஃபோகஸ் குமிழைத் திருகினால் முக்காலி ஆடும், ஆட்டம் நிற்பதற்குள் கோள் போயிருக்கும். "ஒண்ணுமே தெரியல" புகார்களில் பாதி இந்த வகை.

ஆகவே பெட்டியைத் திறந்ததும் 4 மி.மீ. ஐபீஸையும், 3 மடங்கு பார்லோவையும், "1.5 மடங்கு" என்று எழுதிய நீளமான நிமிர்த்தும் லென்ஸையும் எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கடைசியாகச் சொன்னது மரத்தையும் கோபுரத்தையும் நேராகப் பார்ப்பதற்கு. வானத்தில் மேலும் கீழும் இல்லை. 20 மி.மீ. ஐபீஸ் மட்டும் கையில் இருக்கட்டும். 35 மடங்கு. முதல் வாரம் முழுக்க அது போதும்.

மூடியிலிருந்து தொடங்குவது

கேட்டால் சிரிப்பார்கள், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும்: முன்மூடியை முழுசாகக் கழற்றினீர்களா? பல டெலஸ்கோப்புகளின் பெரிய மூடியில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்ததும் ஓட்டை தெரிவதால், அதுதான் வழி என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் உள்ளே வரும் ஒளி பல மடங்கு குறையும். நிலா மங்கலாகத் தெரியும், மற்றதெல்லாம் போச்சு. பெரிய மூடியையே கழற்ற வேண்டும்.

அடுத்தது, நடுவில் கறுப்பு ஓட்டையோடு தெரிகிற வட்டம். அது சனி இல்லை. கண்ணாடி வகை டெலஸ்கோப்பில் ஃபோகஸ் ஆகாத நட்சத்திரம் அப்படித்தான் தெரியும்; நடுவில் கறுப்பாக இருப்பது உள்ளே குறுக்கே நிற்கும் சின்னக் கண்ணாடியின் நிழல். ஃபோகஸ் குமிழை ஒரு பக்கமாகத் திருகுங்கள். வட்டம் பெரிதானால் தவறான திசை, சிறிதானால் சரியான திசை. புள்ளியாகச் சுருங்கும்வரை போக வேண்டும். லென்ஸ் வகையில் வேறொரு சிக்கல்: பின்னால் 90 டிகிரி திருப்பும் கண்ணாடித் துண்டைப் போடாமல் ஐபீஸை நேராகச் செருகினால், குழாயை முழுக்க வெளியே இழுத்தாலும் பலவற்றில் ஃபோகஸ் வராது. அந்தத் துண்டின் நீளத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் குழாயைச் செய்திருக்கிறார்கள்.

ஜன்னல் வழியாகப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். கண்ணாடிக் கதவு படத்தைக் குழப்பும். பால்கனிக் கொசுவலை அதைவிட மோசம்: ஒவ்வொரு நட்சத்திரத்தையும் சுற்றிக் கீற்றுக் கீற்றாக ஒளி சிதறும். மொட்டை மாடிக்குப் போங்கள். கொசுவிரட்டிக் களிம்பைத் தடவிய கையோடு மட்டும் ஐபீஸைத் தொடாதீர்கள். சில களிம்புகள் பிளாஸ்டிக்கையே கெடுக்கும். ஸ்பிரேயும் டெலஸ்கோப் பக்கத்தில் வேண்டாம்.

ஃபைண்டர், பகல் வெளிச்சத்தில்

இதை மட்டும் ஒழுங்காகச் செய்தவர் ஜனவரி முழுக்க வானம் பார்ப்பார். செய்யாதவர் பிப்ரவரியில் டெலஸ்கோப்பைப் பரணில் ஏற்றுவார். 35 மடங்கில் ஐபீஸுக்குள் தெரியும் வானம் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் அதிகம், இரண்டு நிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம். அவ்வளவு சின்னத் துண்டைக் குருட்டாம்போக்கில் வானத்தில் தேட முடியாது.

பகலில், குறைந்தது அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செல்போன் கோபுரத்தின் உச்சியோ கோயில் கலசமோ ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சூரியன் நிற்கும் பக்கம் வேண்டவே வேண்டாம். 20 மி.மீ. ஐபீஸில் அந்த உச்சியை நடுவுக்குக் கொண்டுவந்து, மவுண்டின் (டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்புகிற பகுதி) திருகுகளை இறுக்குங்கள். இறுக்கியபின் உச்சி கொஞ்சம் நகர்ந்திருக்கும். மறுபடி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு டெலஸ்கோப்பைத் தொடாமல், ஃபைண்டரின் திருகுகளை மட்டும் திருகி அதே உச்சி அங்கேயும் நடுவில் வரும்படி செய்யுங்கள். மூன்று திருகு உள்ள ஃபைண்டரில் ஒன்றைத் தளர்த்தாமல் மற்றொன்றை இறுக்கினால் பிளாஸ்டிக் வளையம் விரியும். முடிந்தபின் ஐபீஸில் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். இரவில் நிலாவிலோ வியாழனிலோ இன்னொருமுறை நுணுக்கமாகத் திருத்தினால் போதும். பகலில் குறித்த ஃபோகஸ் இடம் இரவிலும் கிட்டத்தட்ட அதேதான், குழாய் ஒரு துளி உள்ளே போக வேண்டியிருக்கும்.

சிவப்புப் புள்ளி ஃபைண்டர் எரியவில்லை என்று கடைக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. அனுப்புமுன் பேட்டரி இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். CR என்று தொடங்கும் காசு வடிவ பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்று செருகியிருக்கும். அதை உருவ வேண்டும், அவ்வளவுதான். பார்த்து முடித்ததும் அணைக்க மறந்தால் மறுநாள் பேட்டரி செத்திருக்கும்.

ஆடுகிற கால்கள்

விலை குறைந்த டெலஸ்கோப்பில் லென்ஸ் பெரும்பாலும் ஓரளவு நன்றாகவே இருக்கும், காலில்தான் மிச்சம் பிடித்திருப்பார்கள். முக்காலியின் கால்களை முழுக்க நீட்டாமல் பாதியோடு நிறுத்துங்கள், நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். நடுத்தட்டிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைத் துணிப்பையில் போட்டுத் தொங்கவிடுங்கள். பை காற்றில் ஊசலாடாமல் தரையை லேசாகத் தொட்டால் இன்னும் நல்லது. குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டி, ஐபீஸில் படம் நிற்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். மூன்று நொடிக்குள் நின்றால் பிழைத்தீர்கள்.

எதிர் எடையோடு வரும் துருவ அச்சு மவுண்ட் நம் ஊரில் ஒரு தனித் தொல்லை. அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும். சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8 டிகிரி. அந்த உயரத்தில் பெரும்பாலும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். ஐரோப்பாவை மனத்தில் வைத்துச் செய்த மவுண்ட் இவ்வளவு தாழ்வாகச் சாயும்போது எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். முக்காலியைத் திருப்பி, கம்பி இரண்டு காலுக்கு நடுவே விழும்படி வையுங்கள். வடக்கை செல்போன் திசைகாட்டி வைத்துக் குறித்தால் கண்ணால் பார்க்கிற வேலைக்குப் போதும். இதெல்லாம் வேண்டாம் என்று தோன்றினால், அடுத்தமுறை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்புகிற சாதாரண மவுண்டை வாங்குங்கள். என் வோட்டு எப்போதும் அதற்குத்தான்.

2026 ஜனவரியில் என்ன பார்ப்பது

2026-இல் புது டெலஸ்கோப்காரர்களுக்கு அதிர்ஷ்டம். வியாழன் ஜனவரி 10 அன்று சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது, மாலையில் உதித்து இரவு முழுக்க வானில் நிற்கும். தேடவே தேவையில்லை; நிலாவைத் தவிர்த்தால் இரவு வானில் அதைவிடப் பிரகாசமானது எதுவும் இப்போது இல்லை. புனர்பூசம் என்று பஞ்சாங்கம் சொல்கிற இரட்டை நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. தெற்கே பளிச்சென்று கண்சிமிட்டுவது சிரியஸ், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வியாழன் கண்சிமிட்டாது.

நள்ளிரவில் பார்க்காதீர்கள், அப்போது கிட்டத்தட்ட தலைக்குமேல் இருக்கும். சின்ன மவுண்டுகளில் குழாய் முக்காலியில் இடிக்கும், கழுத்தும் வலிக்கும். எட்டரை, ஒன்பது மணிக்குக் கிழக்கில் வசதியான உயரத்தில் இருக்கும். அதன் முகம் இப்போது 46 விகலைக்குச் சற்று மேல் (ஒரு விகலை என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு). 40 மடங்கில் பார்த்தால், வெறுங்கண்ணுக்கு நிலா எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. யாரும் நம்ப மாட்டார்கள், "பட்டாணி மாதிரி இருக்கு" என்பார்கள். ஒப்பிடப் பக்கத்தில் எதுவும் இல்லாததால் கண் ஏமாறுகிறது.

35 மடங்கில் நான்கு நிலவுகள் ஒரே கோட்டில் வரிசையாக நிற்கும். மூன்றுதான் தெரிந்தால் பதற வேண்டாம், ஒன்று முன்னாலோ பின்னாலோ மறைந்திருக்கும். இயோ 1.77 நாளில் ஒரு சுற்று முடிக்கிறது. ஏழு மணிக்கு ஒருமுறை, பத்து மணிக்கு ஒருமுறை வரைந்துவைத்தால் இடம் மாறியிருப்பது தெரியும். கலிலியோ முதன்முதலில் இவற்றைக் குறித்தது 1610 ஜனவரி 7. அன்று அவருக்கும் மூன்றுதான் தெரிந்தன, நான்காவது ஒரு வாரத்துக்குள் அகப்பட்டது. அவர் கையிலிருந்தது ஏறக்குறைய 20 மடங்குக் கருவி. உங்கள் 60 மி.மீ. அதைவிட எவ்வளவோ மேல். 12.5 மி.மீ. ஐபீஸை மாற்றினால் 56 மடங்கு. ஐந்து நிமிஷம் கண் எடுக்காமல் பார்த்தால் வியாழனின் குறுக்கே இரண்டு பழுப்புப் பட்டைகள் பிடிபடும். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் "பட்டை இல்லை" என்று எழுந்துபோகிறவர்களுக்குப் பட்டை தெரியாது.

சனி ஏமாற்றும். 2025 மார்ச்சில் வளையங்கள் நமக்கு நேர்விளிம்பாகத் திரும்பின, 2026 ஜனவரியிலும் சாய்வு கிட்டத்தட்ட ஒரு டிகிரிதான். உருண்டையின் குறுக்கே ஊசி குத்தியது போலத் தெரிந்தால் டெலஸ்கோப் பழுதில்லை. மேற்கில் சாய்ந்துகொண்டிருப்பதால் எட்டு மணிக்குள் பார்த்துவிடுவது நல்லது. இனி வருஷாவருஷம் வளையம் விரியும்.

நிலாவை முழுநிலவன்று பார்ப்பது வீண். நேர்மேலே வெயில் அடிக்கும் நிலத்தில் நிழல் இருக்காது, நிழல் இல்லாமல் பள்ளம் தெரியாது. இருளும் ஒளியும் சந்திக்கிற எல்லைக்கோட்டில்தான் எல்லாம். கிறிஸ்துமஸன்று பெட்டியைத் திறந்தவர்களுக்கு டிசம்பர் 27 அரைநிலா வாய்த்தது. தவறவிட்டவர்களுக்கு அடுத்தது ஜனவரி 26. ஜனவரி 3 பௌர்ணமி, அந்த ஒளியில் மங்கலான எதுவும் எடுபடாது. ஜனவரி 9-க்குப் பின் மாலை வானம் இருட்டாகும், அமாவாசை 18-இல்.

அந்த இடைவெளி ஓரியன் நட்சத்திரக் கூட்டத்துக்கு. செம்மையாக எரிகிற திருவாதிரையைப் பார்த்துவிட்டால் பக்கத்தில் ஒரே கோட்டில் மூன்று நட்சத்திரங்கள், அவற்றிலிருந்து தொங்குகிற சின்ன வரிசையின் நடுவில் புகைபோல ஒன்று: ஓரியன் வாயுமேகம். 20 மி.மீ. ஐபீஸைப் போட்டுப் பத்து நிமிஷம் செல்போனைத் தொடாமல் இருந்தபின் பாருங்கள். நேராக முறைக்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தால் புகையின் சிறகுகள் விரியும், மங்கல் ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. அவற்றுக்கு நிறமும் தெரியாது. படங்களில் பார்த்த இளஞ்சிவப்பை எதிர்பார்க்காதீர்கள், சாம்பல் நிறம்தான். 56 மடங்கில் அதன் நடுவே நான்கு நட்சத்திரங்கள் நெருங்கி நிற்பது பிரிந்து தெரியும். கார்த்திகைக் கூட்டத்துக்கு இதற்கு நேர்மாறான வைத்தியம்: 35 மடங்கே அதிகம், கூட்டம் ஐபீஸுக்குள் அடங்காது, லென்ஸ் வைத்த ஃபைண்டரில்தான் அழகு.

பனியும் வெயிலும்

தை மாதப் பனியில் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் வைத்தால் முன்லென்ஸ் வேர்க்கும். ஏ.சி. அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் ஒரே நிமிஷத்தில் வேர்க்கும். ஏ.சி. இல்லாத அறையில் அரைமணி நேரம் வைத்தபின் வெளியே எடுங்கள். பழைய யோகா பாயிலிருந்து ஒரு துண்டு வெட்டி, லென்ஸுக்கு முன்னால் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீட்டிக்கொண்டிருக்கும்படி சுற்றி, ஒட்டுப்பட்டையால் கட்டினால் இரண்டு மணி நேரம் தாங்கும். படிந்த ஈரத்தைத் துடைக்கவே கூடாது. தூசியோடு சேர்ந்து கீறும். ஹேர் டிரையரை மெல்லிய சூட்டில் தூரத்தில் பிடியுங்கள். ஈரத்தோடு மூடி போட்டுப் பெட்டியில் வைத்தால் கடற்கரை ஊர்களில் பூஞ்சை பிடிக்கும், அதை எடுப்பது பெரும்பாடு. காய்ந்தபின் மூடி, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம்.

மாடியின் கான்கிரீட் பகலில் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணிவரை கக்கும். கோள் தண்ணீருக்கடியில் கிடப்பது போல நெளிந்தால் காரணம் அதுதான். அதிகாலை நான்கு மணிக்கு அதே மாடியில் நெளிவு எவ்வளவோ குறைந்திருக்கும்.

சூரியனைப் பற்றி விளையாட்டுப் பேச்சு இல்லை. பழைய பெட்டிகளில் ஐபீஸில் திருகுகிற சின்னக் கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும். அதைத் தூக்கி எறியுங்கள். லென்ஸ் குவித்த வெப்பம் முழுக்க அதன்மேல் விழுந்து பட்டென்று வெடிக்கும், அப்போது உங்கள் கண் அதன் பின்னால் இருக்கும். சூரியனுக்கு என்றே செய்த, டெலஸ்கோப்பின் முன்வாயை முழுக்க மூடுகிற வடிகட்டி மட்டும்தான் சரி. அதைப் போட்டாலும் ஃபைண்டரை மூடி வையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பகலில் டெலஸ்கோப்பை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போகக் கூடாது.

கிடைத்த பணத்தில் என்ன வாங்குவது

பண்டிகைக் காசு மிச்சம் இருந்தால், முதலில் 25 மி.மீ. பிளாசல் வகை (அகலமாகக் காட்டுகிற லென்ஸ் அமைப்பு) ஐபீஸ் ஒன்று. 700 மி.மீ. குழாயில் 28 மடங்கு, ஏறக்குறைய 1.8 டிகிரி வானம், கார்த்திகைக் கூட்டம் அப்படியே அடங்கும். வாங்குமுன் ஐபீஸ் செருகும் குழாயை அளந்து பாருங்கள்: 31.7 மி.மீ. இருந்தால் பெரும்பாலான கடைச்சரக்கும் பொருந்தும், 24.5 மி.மீ. என்றால் பழைய அளவு, அதற்குத் தனியே இணைப்பு வேண்டும். பச்சை நிற நிலா வடிகட்டிக்கு அவசரமில்லை. நிலா கூசினால் மாடி விளக்கைப் போட்டுக்கொண்டு பாருங்கள், சரியாகிவிடும்.

செல்போனைப் பிடிக்கும் கிளாம்ப் வாங்கலாம். 20 மி.மீ. ஐபீஸின்மேல் போன் காமிராவை நடுப்படுத்தி, மூன்று நொடி டைமர் போட்டு நிலாவை எடுக்கலாம். வியாழன் வெள்ளை உருண்டையாகவே வருகிறது என்றால் வெளிச்சம் அதிகம். திரையில் கோளின்மேல் விரலை அழுத்திப் பிடித்து அந்த இடத்தில் பூட்டி, பட்டை தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். ஒற்றைப் படத்தைவிட ஒரு நிமிஷ வீடியோ நல்லது. ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் அதில் தெளிவான ஃபிரேம்களை மட்டும் பொறுக்கி அடுக்கித் தரும்.

கண்ணாடி வகை வாங்கியவர்கள் பின்னால் இருக்கும் மூன்று திருகுகளை முதல் மாதம் தொடாமல் இருப்பது உத்தமம். பிரகாசமான நட்சத்திரத்தை ஐபீஸின் நடுவில் வைத்து, ஃபோகஸைச் சற்றுக் கலைத்துப் பாருங்கள். நடுவிலுள்ள கறுப்பு வட்டம் வெளிவட்டத்தின் மையத்திலேயே இருந்தால் கண்ணாடிகள் ஒழுங்காகத்தான் நிற்கின்றன. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால்தான் திருகுக்கு வேலை, அதுவும் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்குமேல் வேண்டாம். 1000 மி.மீ. குவியதூரம் என்று எழுதியிருந்து குழாய் அரை மீட்டர்தான் நீளம் என்றால், ஃபோகஸர் குழாய்க்குள் திருத்தும் லென்ஸ் ஒன்று ஒளிந்திருக்கிறது. அந்த வகையை ஒழுங்குபடுத்துவது அனுபவசாலிகளுக்கே எரிச்சல். பக்கத்து ஊர் ஆள் யாரையாவது பிடியுங்கள்.

போகியன்று எதையும் வெளியே எடுக்காதீர்கள். பழைய பாயும் டயரும் எரிகிற புகை விடிந்தபின்னும் மாடியில் நிற்கும், கரி லென்ஸில் படியும். மூடி போட்டு, பெட்டியில் வைத்து, மாட்டுப்பொங்கல் சாயங்காலம் எடுங்கள். நிலா அப்போது விடியற்காலையில்தான் உதிக்கும், ஓரியனுக்கு முழு இருட்டு.